கெஞ்சல் வடிகட்டி

"உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு மரத்துக்கு இரக்கம் காட்டினால் மலைக்கே துரோகம்" என்றது இயந்திரம், பொற்கொடியின் குரலில்.

காலையிலிருந்து நான்காவது முறை. நான்கு முறையும் அதே கனிவு, அதே நிதானம். தன் குரல் இத்தனை எரிச்சலைக் கிளப்பும் என்று பொற்கொடிக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருப்பார்கள்; அவள்தான் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

மேல்மலையின் பீச், பிளம்ஸ் மரங்களுக்கு வளையப்புள்ளி வைரஸ்தான் எமன். முதலில் இலையில் மஞ்சள் வளையம், அடுத்து பழத்தில் தழும்பு, கடைசியில் தோப்பே விறகு. மருந்து கிடையாது. நோய்ப்பட்ட மரத்தை அழிப்பது ஒன்றே வழி. முன்பெல்லாம் அதற்கு ஆணையிட ஓர் அதிகாரி இருந்தார். மகள் கல்யாணம் முடியட்டும் என்பார்கள் மலைக்காரர்கள், இந்த ஒரு மகசூல் வரட்டும் என்பார்கள், அவரும் மனசு இளகித் தலையாட்டுவார். அப்படி விட்டுவைத்த மரத்திலிருந்து அசுவினிப் பூச்சிகள் வைரஸை அடுத்த தோப்புக்குக் கொண்டுபோகும்.

அதற்கு முடிவுகட்டியவள் பழ ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி பொற்கொடி. வண்டளவே உள்ள 'இலைநாடி' பறந்துபோய் இலையை முகர்ந்து வைரஸைக் கண்டுபிடிக்கும். பின்னால் வரும் 'வேர்வாங்கி' மரத்தை வேரோடு பிடுங்கி அங்கேயே எரித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் அவள் வைத்ததுதான் கெஞ்சல் வடிகட்டி. மலைக்காரர்கள் கெஞ்சியதையெல்லாம் பதிவுசெய்து, கெஞ்சல் எப்படி இருக்கும் என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தாள். "இந்த ஒரு மரம் மட்டும்" என்று ஆரம்பித்தாலே அது கதவைச் சாத்திவிடும். முகமில்லாத ஏதோ ஒரு குரல் மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று மறுப்பை அவளே பேசிப் பதிந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நோய் பாதியாகக் குறைந்தது. விருதும் கிடைத்தது.

இப்போது அவளுக்கே அந்த ஒரு மரம் வேண்டியிருந்தது.

நிலையத்துத் தோட்டத்தில் நின்ற அந்தப் பீச் மரத்தில் வைரஸ் இருந்தது, நோய் இல்லை. பொல்லாத வைரஸுக்குச் சாதுவாகப் பிறந்த தம்பி அது. அந்த மரத்து மொட்டை ஒட்டுக்கட்டிய கன்றுகளுக்குள் தம்பி குடியேறிவிடும், அதன்பிறகு அண்ணனால் உள்ளே நுழைய முடியாது. ஆறு வருஷம் சோறு தண்ணி மறந்து கண்டுபிடித்தது. இது மலையெங்கும் பரவினால் இனி ஒரு மரத்தையும் பிடுங்க வேண்டாம்.

போன மாதம் இலைநாடியின் மூக்கை இன்னும் கூர்மையாக்கச் சொன்னவளும் அவள்தான். கூர்மையான மூக்கு நேராக அந்த மரத்தில் போய் நின்றது. உண்டா, இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சாதுவா பொல்லாததா என்று கேட்க அவள் அதற்குக் கற்றுத்தரவில்லை. ஒட்டுக் கன்றுகளும் ஆய்வகக் குழாய்களும் நேற்றே எரிந்துவிட்டன. மரம் மட்டும் இன்று மதியம் பிடுங்கப்படக் காத்து நின்றது.

சோதனை முடிவுகள் அனைத்தையும் இணைத்து ஐந்தாவது முறையாக விண்ணப்பித்தாள். வடிகட்டி அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தது: படித்தவர் கெஞ்சல். அந்தப் பெயரை வைத்தவளும் அவளே. ஆத்திரத்தில் மேசையை ஓங்கிக் குத்தியதில் கைதான் வலித்தது.

இயக்குநர் பலராமனுக்குப் போன் போட்டாள். இயந்திரத்தை நிறுத்த ஒரு சாவியும் இல்லையா என்று கேட்டாள். அவர் பாவம், தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சாவின்னு ஒண்ணு இருந்தா அதக் கேட்டு ஆள் வருவாங்க, சாவியே வேணாம்னு சொன்னது நீங்கதானே மேடம்."

ஒட்டுக்கட்ட மரத்திலிருந்து மூன்று குச்சிகளை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றினாள். ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் இறங்கினாள். பின்னால் வேர்வாங்கியின் உறுமல் கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

விவசாயி சடையாண்டியின் தோப்புதான் பக்கத்தில் இருந்தது. முன்பு வடிகட்டி அவரிடம் ஈவு இரக்கமில்லாமல் மறுக்க, வேர்வாங்கி மொத்தத் தோப்பையும் பிடுங்கியிருந்தது. அந்த இடத்தில் இப்போது இடுப்பளவுக்குப் புதுக் கன்றுகள், முதல் பூ விட்டு நின்றன. வாசலுக்கு வந்து வரவேற்றவர், காப்பி வந்த பிறகுதான் விஷயத்தைக் கேட்டார்.

பொற்கொடி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு கன்றில் ஒட்டுக்கட்டி, இலைநாடி நுழையாதபடி வலைபோட்டு மூடி வைத்தால் போதும் என்றாள். "இந்த ஒரு கன்னு மட்டும்" என்று சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது என்னவென்று அவளுக்கே உறைத்தது.

"மருந்துன்னா மிஷினு ஏன் நோவுங்குது?"

"ரெண்டும்தான் அண்ணாச்சி. இது சின்ன நோவு. பெரிய நோவ உள்ள விடாது."

"சின்ன நோவுன்னு ஒண்ணு கெடையவே கெடையாதுன்னு இதே வாசல்ல நின்னு சொன்னீகளே." அவர் குரலில் கோபமில்லை. "நீங்க சொன்னது சரின்னு நம்பித்தான் அம்புட்டு மரம் எரிஞ்சதையும் தாங்கிக்கிட்டேன். இப்ப மறச்சு வச்சு மாட்டுனா இந்தக் கன்னெல்லாமும் போயிரும்மா."

வலைக்குள் மறைத்தால் தப்பும் என்பது பொய் என்று பொற்கொடிக்குத் தெரியும். மலைக்காரர்களின் ஒவ்வொரு தந்திரத்தையும் தேடித்தேடி அடைத்தவள் அவள்.

சடையாண்டி எழுந்துபோய் வேலிக்கம்பத்தில் இருந்த, நோயைக் கண்டால் இயந்திரத்தை அழைக்கும் தகவல் பொத்தானை அழுத்தினார். ஒவ்வொரு தோப்பிலும் அதைப் பொருத்தச் சொன்னது யார் என்று சொல்லவும் வேண்டுமா? "மன்னிச்சுக்கங்க மேடம்" என்று கைகூப்பினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

வேர்வாங்கி வந்து நின்றது. ஈரச் சாக்கோடு குச்சிகளை வாங்கிக்கொண்டது. ஒரு பிடிச் சாம்பலாக எத்தனை நேரம் ஆகிவிடும்?

புகை கலைந்த பிறகு சடையாண்டி தன் கன்றுகளைப் பார்த்தார். பிறகு பொற்கொடியைப் பார்த்தார்.

"அந்தப் பெரிய நோவு இந்தக் கன்னுகளுக்கு வந்துச்சுன்னா நா என்னம்மா பண்ணட்டும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வேர்வாங்கியிலிருந்து அவள் குரலே முந்திக்கொண்டது.

"உடனே தெரிவியுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

சடையாண்டி இயந்திரத்தின் பக்கம் திரும்பி, சரிம்மா என்று தலையாட்டினார்.