இரைச்சல் நின்ற அறை

ஆளில்லாத அறையில் மேசை ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. மறந்துபோய் விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அது கட்டிலையும் பார்க்கவில்லை, கதிரையையும் பார்க்கவில்லை. கழுத்து முறிகிற அளவுக்கு வளைந்து தரையைப் பார்த்து இரைந்துகொண்டிருந்தது. தரைக்கு வேர்க்கிறதாக்கும் என்று நினைத்தபடி தாட்சாயினி அதை நிற்பாட்டினாள். இந்தக் கிழமையில் இது மூன்றாவது தடவை.

வீட்டில் இருப்பது இரண்டே பேர், அவளும் அம்மாவும். அம்மா நாகேஸ்வரி மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து குசினி விளக்கைக்கூட அந்தி சாய்ந்து கண் தெரியாமல் போகும்வரை போடமாட்டாள். அப்படிப்பட்டவள் வெறும் அறைக்குக் காற்று விடுகிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கிறது என்று தாட்சாயினிக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். அம்மாவுக்கு அவள் கொழும்புக்குப் போவது பிடிக்கவில்லை.

கொழும்பில் இருக்கிற கேம் விளையாடும் அணி ஒன்று அவளைத் தேர்வுக்கு அழைத்திருந்தது. மாதச் சம்பளம், தங்க இடம், உடையார்கட்டை விட்டு வெளியேற இருபது வயதில் கிடைத்த ஒரே வாசல். ஒரேயொரு குறைதான் இருந்தது. அந்த விளையாட்டில் எதிரி எந்தப் பக்கத்தால் வருகிறான் என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் பிடிக்கவேண்டும். அவளுடைய பழைய கம்ப்யூட்டரோ உழவு மெசின் மாதிரி உறுமும். அந்த உறுமல் மைக் வழியாகப் போய் மற்ற நால்வரின் காதையும் அடைத்தது. அணித் தலைவன் சஜீவன் நேரே சொல்லிவிட்டான்: "சனிக்கிழமை ரெண்டு மணிக்குக் கடைசி டெஸ்ட். அன்னைக்கும் இரைச்சல் வந்திச்சுன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்குவோம்."

சத்தமே போடாத ஒரு பெட்டி வேண்டும். சுவிஸ் மாமா காசு அனுப்பிக் கை கொடுத்தார். மூன்று நாள் இணையத்தில் வாசித்துத் தலை வெடித்த பிறகு அவள் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினாள்.

கம்ப்யூட்டர்க் கடைக்காரர் குகதாசன் ஊரை வாயால் விற்கக்கூடிய ஆள். அவர் எடுத்து வைத்த ஒவ்வொரு பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் அவள் வெளிச்சத்தில் பிடித்து, முன்பே பிரித்து ஒட்டிய அடையாளம் தெரிகிறதா என்று பார்த்தாள்.

"என்ன தங்கச்சி, பொம்பிளை பாக்க வந்த மாமி மாதிரி நிக்கிறியள்?"

"ஆரும் பாவிச்ச சாமான் இல்லைத்தானே அண்ணை?"

"கோயில்ல வைச்சும் சத்தியம் பண்ணுவன். எல்லாம் புதுசு."

அவள் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசித்துத்தான் எடுத்தாள். அதிகம் சூடாகாத புரொசசர். அதைக் குளிர்விக்க, வேகமாகச் சுழன்று அலறும் சின்ன ஃபேன் இல்லாமல், ஆறுதலாகச் சுழலும் இரண்டு பெரிய ஃபேன்கள் பூட்டிய கூலர். வேலை கூடினால் மட்டும் தன் ஃபேனைச் சுழற்றுகிற பவர் சப்ளை. உள்சுவர் முழுக்கத் தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டிய கேசிங். கரகரக்கும் ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம்.

குகதாசன் காதைச் சொறிந்தார். "ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. முழுசாச் சத்தத்தை எடுக்கிறது நல்லமில்லை. பெட்டி இரையுமட்டும் மற்றச் சத்தமெல்லாம் அதுக்குள்ள மறைஞ்சு கிடக்கும். அதை நிப்பாட்டினியள் எண்டால் வீடு கதைக்கத் தொடங்கிவிடும். இந்த ஃபேனைப் போடுங்கோவன், சின்னதா ஒரு இரைச்சல் இருக்கும்."

விற்காத சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று அவளுக்குப் பட்டது. சிரித்துத் தலையாட்டிவிட்டுத் தான் தெரிந்தெடுத்த ஃபேன்களையே வாங்கினாள்.

புதன்கிழமை பின்னேரம் எல்லாவற்றையும் தானே பூட்டினாள். ஆளியை அழுத்தியபோது பெட்டி வேலை செய்யவில்லை என்றுதான் நினைத்தாள். சின்ன வெள்ளை விளக்கு எரிந்தது, திரை மலர்ந்தது, அவ்வளவுதான். சத்தமில்லை. அவளுக்கு வந்த சந்தோசத்தில் தனியே இருந்து கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். பிறகு கதிரையில் சாய்ந்து, அறை எப்படி அமைதியாக இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தாள்.

முதலில் பல்லி. பிறகு கூரைச் சீற்றில் உரசுகிற முருங்கைக் கொப்பு. பிறகு தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போவது. இவை எல்லாம் இவ்வளவு நாளும் இருந்தனவா என்று அவள் வியந்துகொண்டிருக்கும்போதே அவற்றுக்கெல்லாம் கீழேயிருந்து இன்னொன்று கேட்டது.

டொக்.

குகதாசன் ஏமாற்றிவிட்டார்! அதுதான் அவளுக்கு முதலில் வந்த எண்ணம். கிராபிக்ஸ் கார்ட் பாவித்ததாக இருக்கும், கோயில் சத்தியமும் நாசமும். ஃபேன்களின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். டொக். பெட்டியை முழுதாக நிற்பாட்டிவிட்டுக் கேசிங்கில் காதை வைத்தாள். பெட்டிக்குள் ஒன்றுமேயில்லை. சத்தம் பெட்டியின் கால் வழியாக ஏறி வந்தது. அவள் குனிந்து முழந்தாளிட்டு, கன்னத்தைத் தரை மாபிளில் வைத்தாள். பாரமான எதையோ தோளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவதுபோல ஒரு உரசல், அதற்குப் பிறகு நீண்ட ஓய்வு, திரும்பவும் உரசல். மாபிள் இடுக்கிலிருந்து நனைந்த மண்ணும் ஊறிய சாக்கும் கலந்த ஒரு மணம் வந்தது. அகிளான் எலி வளை தோண்டுகிறது என்று அவள் உரத்துச் சொல்லிக்கொண்டாள். எலிக்கு ஏன் தன் குரல் நடுங்கவேண்டும் என்று அவளால் யோசிக்க முடியவில்லை.

கிணற்றடியில் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது மேசை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தரையைப் பார்த்து. பக்கத்தில் அம்மா நின்றாள்.

"ஏன் அம்மா இதைப் போடுறியள்?"

"புழுக்கமாக் கிடக்குது பிள்ளை."

"பொய் சொல்லாதேங்கோ. நான் கொழும்புக்குப் போறது உங்களுக்கு விருப்பமில்லை. அதுதானே?"

அம்மா ஃபேனின் கழுத்தை இன்னும் கொஞ்சம் தரைக்கு வளைத்தாள். "உன்ரை பழைய பெட்டி நல்ல பெட்டி," என்றாள். "நல்லா இரைஞ்சது. அதையும் ஒரு பக்கத்தில ஓட விடன். அறைக்குள்ள ஏதாவது ஒரு இரைச்சல் இருக்கட்டும்."

"ஏன்?"

அம்மாவின் கண் தரைக்குப் போய்த் திரும்பியது. அதைத் தாட்சாயினி கண்டாள். கண்டதும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற தாய் இப்படி ஒளித்து விளையாடுவாளா! அன்றைக்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை பழைய பெட்டியையும் ஃபேனையும் தூக்கிக்கொண்டுபோய் மோட்டர்க் கொட்டிலில் போட்டுப் பூட்டி, திறப்பைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அன்றிரவு அம்மா அந்த அறைத் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். விடியும்வரை வாயை மூடிக்கொண்டு ஏதோ முனகினாள். தேவாரமாக்கும் என்று தாட்சாயினி மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் வெயில் முற்றத்தை வறுத்தது. அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து அவள் யன்னல்களைச் சாத்தினாள், கதவைப் பூட்டினாள். காதில் ஹெட்செட்டை மாட்டினாள்.

"கேக்குதா?" என்றான் சஜீவன். "அட, சூப்பர். இரைச்சலே இல்லை. ரெடியாகு, இன்னும் ரெண்டு நிமிசம்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கிடைத்துவிட்டது! இனி விளையாட மட்டும்தான் வேண்டும்.

"பக்கத்தில யாரும் இருக்காங்களா?"

"இல்லையே. நான் மட்டும்தான்."

"சின்னப் பிள்ளை பேசுற மாதிரி கேக்குது."

அவள் திரும்பிப் பார்த்தாள். பூட்டிய கதவு. சாத்திய யன்னல். கட்டில்.

"திரும்பவும் கேக்குது. 'வண்டு போயிட்டுதோ'ன்னு கேக்குது. என்ன வண்டு?"

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். அறை செத்த அமைதியாக இருந்தது. மண் மணம் இப்போது மூக்கை அடைத்தது. கால்களுக்குக் கீழே, மிகக் கிட்டத்தில், யாரோ மூச்சை அடக்கிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதை அவள் உணர்ந்தாள். அவளும் மூச்சை அடக்கினாள்.

டொக். டொக்.

கதவு அதிர்ந்தது. அவள் கத்தியே விட்டாள். "திற பிள்ளை! கெதியாத் திற!" அம்மாவின் குரல். அவள் பாய்ந்து திறக்க, அம்மா உள்ளே வந்து குப்புற விழுந்தாள். உதடுகளை இறுக மூடி, வாயைத் தரையில் ஒட்டி, மூக்கால் இரையத் தொடங்கினாள். ம்ம்ம்ம்ம்ம். ஏற்றமில்லை, இறக்கமில்லை. எங்கோ மேலே, வானத்தில் நின்று இரைவதுபோல.

கீழே தட்டுவது நின்றது.

"சண்டை முடிஞ்சு நாங்கள் திரும்பி வரேக்கை இதில ஒரு பங்கர் இருந்தது," என்று அம்மா மூச்சு வாங்கினாள். "வாய் மண் சரிஞ்சு மூடிக் கிடந்தது." ம்ம்ம்ம். "ஓடி வந்த சனம் ஆரும் பதுங்கியிருக்கலாம். திறந்து பாக்கேல்ல பிள்ளை. பயத்தில பாக்கேல்ல. மேல வீட்டைக் கட்டிப்போட்டம்." ம்ம்ம்ம்ம். "வண்டு போயிட்டுதோ எண்டுதான் கீழ கேக்கும். வண்டு எண்டுறது வேவு பாக்கிற பிளேன். அது மேல நிண்டு இரையுமட்டும் ஒருத்தரும் பங்கரை விட்டு வெளிய வரமாட்டினம். கரண்ட் போனால் நான்தான் வந்து..." ம்ம்ம்ம்ம்.

தாட்சாயினிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. இரைச்சல் நின்றால் வண்டு போய்விட்டது. வண்டு போய்விட்டால் வெளியே வரலாம்.

மேசைக்குக் கீழே ஒரு மாபிள் ஒரு பக்கமாகக் கிளம்பியிருந்தது.

ஹெட்செட்டிலிருந்து சஜீவனின் குரல் கசிந்தது. "தாட்சாயினி, என்ன அது இரைச்சல்? நிப்பாட்டு. இன்னும் பத்து செக்கன்."

ஃபேன் பூட்டிக் கிடக்கிற மோட்டர்க் கொட்டில் முற்றத்துக்கு அந்தப் பக்கம். ஓடிப்போய்த் திரும்பும்வரை அம்மாவுக்கு மூச்சுக் காணாது. அம்மாவின் முகம் நீலம் பாரித்துவிட்டது. அவள் மைக்கைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தரையில் விழுந்தாள். உதடுகளை மூடினாள். இரைந்தாள்.

"சரி. உன்னைய எடுத்திட்டோம், லிஸ்டில இருந்து," என்றான் சஜீவன். குரல் அறுந்தது.

மாபிள் விளிம்பில் நான்கு விரல்கள் வந்து பற்றியிருந்தன. சின்ன விரல்கள். நகத்துக்குள் மண். அவை அசையவில்லை, இரைச்சலைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தன. அவற்றின் மேல் ஒரு பெரிய கை இருட்டுக்குள்ளிருந்து மெதுவாக எழுந்து வந்து படிந்தது. ஒரு வளையல். பிள்ளையின் கையைப் பொத்திப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கிற தாயின் கை.

"பொறு பிள்ளை," என்றது கீழே ஒரு குரல். "இன்னும் போகேல்ல."

அம்மா விட்ட இடத்தில் அவள் பிடித்தாள். அவள் விட்ட இடத்தில் அம்மா பிடித்தாள். நெஞ்சு எரிந்தது. கண் இருண்டது. முற்றத்தில் வெயில். யாரும் வரவில்லை. ஒரு தடவை, ஒரேயொரு தடவை, இருவரும் ஒன்றாகவே மூச்சு எடுத்தார்கள்.

வளையல் போட்ட கை பிள்ளையின் விரல்களை விட்டது. மாபிளைப் பிடித்துத் தள்ளியது.