இருபத்து நாலு மில்லி

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஆள் இல்லை, ஒரு பெரிய பெட்டிதான் நின்றது... அதற்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன.

மழையில் தொப்பலாக நனைந்து வந்தவனுக்கு அந்தக் கண்களை ரசிக்கும் பொறுமை இல்லை. அந்தப் பொறுமை அரை நிமிஷத்தில் வந்துவிடும், அவசரப்படாதீர்கள்.

“மேடம், இது சாமான் ஏத்துற லிஃப்ட் இல்ல.”

“தெரியும் சார். அது ரிப்பேர். ஏறணும்னா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க. பெட்டியில ஒரு கீறல் விழுந்தாலும் சும்மா விடமாட்டேன்.”

“ஒரு மனுஷன் நனைஞ்சு நிக்கிறது கண்ணுக்குத் தெரியல. பெட்டிதான் தெரியுதா?”

“நீங்க காஞ்சிடுவீங்க. பலகை ஊறினா ஊறினதுதான்.”

சிரிப்பு வந்தது... அடக்கிக்கொண்டு ஏறினான். அவள் முன்நெற்றியில் மரத்தூள் ஒட்டியிருந்ததையும், அது அவளுக்குப் பொருத்தமாகவே இருந்ததையும் அவன் நான்காவது மாடியில் கவனித்தான்.

ஆறாவது மாடியில் இருவரும் ஒரே கதவின் முன் நின்றார்கள். அவன் சாவியை எடுத்தான். அவள் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள், கதவு எண்ணைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

“இந்தப் படம்... நீங்க வரைஞ்சதா?”

குரல் ஏனோ இறங்கிப் போயிருந்தது.

அவளுக்குப் பட்டறையில் ‘மில்லி’ என்று பட்டப்பெயர். ஒரு மில்லிமீட்டருக்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை போடுவாள். அப்பாவின் பட்டறையில் மாடுலர் கிச்சன் செய்கிறார்கள். ஒவ்வொரு அலமாரிப் பெட்டியும் தனியாகப் பிறக்கும். வீட்டுக்கு வந்து பக்கத்துப் பெட்டியோடு திருகாணியில் கைகோக்கும். ஏழு வருஷமாக அவள் செய்த பெட்டி எதுவும் பொருந்தாமல் அறுபட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். “இந்த மாசம் ஒரு புகார்கூட வராம முடியட்டும், பட்டறைச் சாவியை உன் கையில கொடுத்துடறேன்” என்று அப்பா சொல்லியிருந்தார். மாசம் முடிய நான்கு நாள்தான் பாக்கி.

மூன்று பெட்டிகள் அழகாக உட்கார்ந்தன. நான்காவது... உட்காரவில்லை.

டேப்பை நீட்டினாள். இருநூற்று நாற்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்து நாலு மில்லி குறைந்தது.

“ஓரத்துல கொஞ்சம் அறுத்துடுங்களேன்” என்றான் அவன்.

அவள் முகம் சிவந்தது. “உங்க வேலை என்ன சார்?”

“சாஃப்ட்வேர் எழுதறேன்.”

“அதுல ஒரு பகுதி பொருந்தலன்னா, நடுவுல வெட்டி ஒட்டுவீங்களா?”

சுருக்கென்று தைத்தது. தனித்தனிப் பகுதிகளாகக் கட்டுவதில் அலுவலகத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பாடத்தைத் தூள் ஒட்டிய நெற்றிக்காரி அவனுக்கே எடுப்பதா? பால்கனிக்குப் போனான். பட்டறைக்குப் புகார் எழுதி அனுப்பிவிட்டுத்தான் திரும்பினான்.

அந்த நேரம் அவனுடைய அக்கா வந்தாள். கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள். இருவரும் முகம் திருப்பி நிற்பதை ஒரே பார்வையில் அளந்துவிட்டாள்.

மில்லி யாரையும் பார்க்காமல் சொன்னாள். “நாலாவது பெட்டி அறுபது சென்டிமீட்டர். அதை எடுத்துட்டு, நாப்பத்தஞ்சுல ஒண்ணு வைக்கிறேன். மிச்ச இடத்துல தட்டு நிறுத்த இழுப்பு ரேக். மத்த மூணையும் தொட வேண்டியதில்ல.”

“இதேதான்டா எங்க பாடமும்” என்றாள் அக்கா. “பூச்சியோட இறக்கை மாறும், கால் அப்படியே இருக்கும். தனித்தனியா மாறுறதாலதான் இத்தனை விதமா உயிர் இருக்கு.” சற்று நிறுத்தி, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆனா தனியாக் கழட்டி வச்சா ஒண்ணுகூடப் பிழைக்காது.”

மறுநாள் புதுப் பெட்டியும் ரேக்கும் வந்தன. விரலால் தொட்டதும் ரேக் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கச்சிதம். அவன் அதை ஏழெட்டு முறை இழுத்து மூடினான்... அவள் போன பிறகும்.

அன்று மாலைதான் தன் ஆர்டர் படிவத்தைத் திறந்து பார்த்தான். ‘சுவருக்கு டைல் ஒட்டிய பிறகு எடுத்த அளவா?’ என்ற கேள்விக்கு, படிக்காமலே ‘ஆம்’ என்று குறித்திருந்தான். இரண்டு பக்கமும் டைலும் பசையுமாகப் பன்னிரண்டு பன்னிரண்டு மில்லி. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் புகார்...

காலையில் பட்டறைக்கு ஓடினான். மழை விடவில்லை. ரம்பச் சத்தம் நின்றிருந்தது. எல்லார் முன்னாலும் அவள் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“புகார் நியாயம்தான்பா. அளவை நான் நேர்ல போய்ச் சரிபார்க்கல. தப்பு என்னோடது.”

“இல்ல சார், தப்பு என்னோடது” என்றான் அவன் வாசலிலிருந்தே. “டைலுக்கு முன்னாடி அளந்துட்டேன். புகாரை வாபஸ் வாங்க வந்திருக்கேன்.”

“போய் அளக்கறது என் வேலை.”

“படிவத்தைப் படிக்கிறது என் வேலைங்க.”

“என் தப்பை எனக்கே விட்டுக்கொடுக்க மாட்டீங்களா?”

பட்டறையே வாய்விட்டுச் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மகளை நிதானமாகப் பார்த்தார். “பெட்டியை அறுக்காம வேலையை முடிச்சே. தப்பையும் மறைக்கல. இதுக்கு மேல என்னம்மா வேணும்?” சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் நிமிர்ந்து நின்றாள். அந்த நிமிர்வைப் பார்த்து அவனுக்கே பெருமையாக இருந்தது... தனக்கு அதில் என்ன பங்கு என்று தெரியாமலே.

கேட் வரை குடை பிடித்து வந்தாள்.

“அந்தப் படத்தைக் கொடுத்துடுங்க. தப்பான அளவு, எனக்கே அசிங்கமா இருக்கு” என்றான்.

“தரமாட்டேன்.”

“ஏன்?”

மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

“ஏழு வருஷமா ஒரு வீட்டையும் நேர்ல அளக்காம விட்டதில்ல. உங்க படம் வந்தது... ஒவ்வொரு மூலைக்கும் ஒரு அம்புக்குறி, குழாய்க்கு நிழல்கூடப் போட்டிருந்தீங்க. இப்படி வரையற ஆள் எப்படி இருப்பாருன்னு யோசிச்சதுல, போய் அளக்கணும்னே தோணல. என் மேஜைக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன். என்னை முதன்முதலா அசர வச்சது அதுதான்.”

அவன் குடைக்குள் ஒரு அடி நெருங்கினான்.

“அதை மூணு தடவை வரைஞ்சேன். யாராவது கவனிப்பாங்களான்னு...” என்றான் மெல்ல. “அளவு தப்பாப் போச்சே?”

“அளவுதான் தப்பு” என்றாள் மில்லி, இப்போது நேராக அவன் கண்களைப் பார்த்து. “ஆள் சரியாத்தான் இருக்கு.”