செத்த தொட்டியில் குறையும் கால்சியம்

உயிர் இருக்கிற பவளத் தொட்டியில்தான் கால்சியம் குறையும். எட்டு வருஷக் குடித்தனத்தில் ஸ்வீட்லின் கற்றுக்கொண்ட ஒரே விஞ்ஞானம் அது. பவளம் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் எடுத்துத் தனக்கு எலும்பு மாதிரி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். எவ்வளவு குறைந்தது என்று அவள் கணவன் மேக்ஸ்வெல் தினமும் சாயங்காலம் டெஸ்ட் செய்து, அவ்வளவையும் மருந்து பாட்டிலிலிருந்து சிரிஞ்சில் எடுத்து ஊற்றுவான். கடற்கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, கோவில்பதாகையில் ஒரு வாடகை வீட்டு ஹாலில் கடல் வளர்ப்பவனுக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை.

அந்தத் தொட்டி செத்து நாற்பது நாளாகிறது. ஆஷ்லியை டெங்கு வார்டில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்த ஐந்து நாளும் புயல் மழையில் தெருவுக்கே கரண்ட் இல்லை. ஆறு வயது மகளை அடக்கம் செய்துவிட்டு வந்து கதவைத் திறந்தபோது பவளமெல்லாம் சுண்ணாம்புக் கட்டியாக நின்றது.

ஆனாலும் கால்சியம் குறைந்தது. திருநின்றவூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்ட ஸ்வீட்லினுக்கு மேக்ஸ்வெல் தினமும் டெஸ்ட் நோட்டைப் படமெடுத்து அனுப்பினான். நேற்று 420-க்கு ஏற்றியது இன்று 395. மறுபடி ஏற்றியது மறுநாள் 390. ஓரமாகப் பென்சிலில் புதிதாக ஒரு கட்டம் போட்டு 'இரும்பு' என்று எழுதியிருந்தான். பவளத்துக்கு அவ்வளவு இரும்பு வேண்டாம் என்பது அவளுக்கே தெரியும்.

துக்கம் இவனைத் தின்கிறது என்று நினைத்தாள். பூந்தமல்லியில் மீன் கடை வைத்திருக்கும் தப்ரேஸைக் கூப்பிட்டு, இனி இவருக்குக் கால்சியம் பாட்டில் எதுவும் தராதே என்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தொட்டியைத் தூக்கிவிடவும் ஏற்பாடு செய்தாள். பிள்ளை போய்விட்டது. புருஷனையாவது அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் கோவில்பதாகை வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது தப்ரேஸின் போன் வந்தது.

"அக்கா, பத்து நிமிசத்துல குட்டி யானை வண்டிய எடுத்துகினு வந்துர்றேன். தூக்க நாலு பேரு வேணும். அண்ணாத்தே ஒரு கை வெச்சார்னா மூணு போதும்."

"பாட்டில் ஏதும் குடுத்தியா?"

"பத்து நாளா ஒண்ணும் குடுக்கலக்கா. கடைக்கே வந்துட்டாரு. செத்த பவளத்துக்கு இன்னாத்துக்கு அண்ணாத்தே டிபனுன்னு கலாய்ச்சேன். கட அழுக்கு அப்டியே கீது, அதுல குந்திகினு அழுதாரு. எனக்கே ஒரு மாரி ஆயிட்ச்சு."

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே திரைச்சீலைகள் மூடியிருக்க, வெயில் கொளுத்தும் மூன்று மணிக்கு ஹால் முழுக்கத் தொட்டியின் நீல வெளிச்சம் பாசிபோலப் படிந்திருந்தது. மோட்டார் ஒரே சுருதியில் முனகியது. அழுகல் நாற்றத்தை எதிர்பார்த்து மூக்கைப் பொத்தியவளுக்கு வந்தது அயோடின் வாடை, ஆஸ்பத்திரி வாடை.

காய்ச்சல் வந்த முதல் மூன்று நாளும் அவன் தொட்டித் தண்ணீரைத் தவறாமல் டெஸ்ட் செய்தான். பிள்ளையின் ரத்தத்தை டெஸ்ட் செய்யத் தோன்றியது நாலாம் நாள். பாரசிட்டமால் போதும் என்றவள் ஸ்வீட்லின். இதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்டவில்லை. அதனால்தான் ஒரே வீட்டில் இருக்க முடியாமல் போனது.

மேக்ஸ்வெல் பிளாஸ்டிக் ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வலது கை தோள்வரை தண்ணீருக்குள், நடுப்பாறைக்குப் பின்னால் போயிருந்தது.

"ஏங்க."

"மெதுவா பேசு."

குரல் குழைந்து வந்தது. ஸ்டூலுக்குக் கீழே, பத்து நாளாக அவன் படமெடுத்து அனுப்பாத நோட்டு திறந்து கிடந்தது. பாட்டில் தீர்ந்த பிறகு 390, 360, 325. புதன்கிழமை முதல் 420. வியாழன் 420. வெள்ளி 420. புதனிலிருந்து எழுத்து கோணல்மாணலாக, இடது கையால் எழுதியதுபோல இருந்தது.

"பாட்டில் யார் குடுத்தா?"

"யாரும் குடுக்கல."

"அப்போ இது எப்படி ஏறுச்சு?"

"நான்தான்."

திரும்பிச் சிரித்தான். நாற்பது நாளில் முதல் சிரிப்பு. அதில் ஒரு பல்கூட இல்லை.

அவனை இழுத்துவிட வேண்டும் என்று தோளைப் பிடித்தாள். பிடித்த இடம் ஈரத் துண்டுபோல அவள் கைக்குள் மடிந்தது. அழுத்தினாள். எலும்பு தட்டவில்லை. இன்னும் கீழே. அங்கேயும் இல்லை.

"வலிக்கல ஸ்வீட்டு. பிடிச்சுக்கிட்டிருக்கா, அவ்ளோதான்."

"வாங்க. போயிரலாம்."

"பிள்ளைக்குக் கை வந்துருச்சு. தோள் வரைக்கும் வந்துருச்சு." மூச்சு வாங்கினான். "மிச்சத்துக்கு என்கிட்ட எலும்பு இல்ல."

அவளிடம் எதையும் கேட்கவில்லை அவன். சொன்னான், அவ்வளவுதான். பாறைக்குப் பின்னால் தண்ணீர் ஒருமுறை சுழித்து அடங்கியது.

தெருவில் குட்டி யானையின் ஹாரன். "அக்கா," என்றான் தப்ரேஸ் வெளியிலிருந்து. "நாலு பேரையும் கூட்டியாந்துட்டேன்."

ஸ்வீட்லின் போய்க் கதவைத் தாழிட்டாள். இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வளையலைக் கழற்றினாள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

பாறையைத் தாண்டி நீட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு பிடித்தது.

ஐந்து விரல்களும் இருந்தன. நகம்தான் இன்னும் முளைக்கவில்லை.