விலக்குப் பட்டியல்

பழைய மென்பொருள் இருநூற்றுப் பதினான்கு கணினிகள் என்றது. புதியது, இருநூற்றுப் பதினைந்து என்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஊழியர்கள் இல்லாத நாளில்தான் இந்தச் சோதனையை ஓட்ட முடியும். ஏசியின் சீரான இரைச்சலும், திரைச்சீலையைத் தாண்டி மேசைகள்மேல் கோடு கோடாக விழுந்த வெயிலும், யாரோ மறந்துவிட்டுப் போன காபிக் கோப்பையின் புளித்த வாடையும் தவிர, மூன்றாம் மாடியில் அவளுக்கு வேறு துணையில்லை. இரண்டு திரைகளில் இரண்டு மென்பொருள்கள். எந்தக் கணினி ஓடுகிறது, எதில் திருடன் நுழைய ஓட்டை இருக்கிறது என்று எது சரியாகச் சொல்கிறதோ, அதைத்தான் நிறுவனம் வாங்கும். நாளைக் காலை அவள் ஒப்பீட்டு அறிக்கை தரவேண்டும்.

கூடுதலாக வந்ததைத் திறந்து பார்த்தாள்.

ஒரு மடிக்கணினி. பதினான்கு மாதமாக அணைக்கப்படவே இல்லை. அடைக்காத ஓட்டைகள் ஆயிரத்துத் தொள்ளாயிரம். கடைசியாக விசை தட்டப்பட்டது நான்கு நிமிடம் முன்பு.

பயன்படுத்துபவரின் பெயரைப் பார்த்ததும் அவள் கை மவுஸை விட்டு விலகியது.

அண்ணி.

பதினான்கு மாதம் முன்பு எவனோடோ போய்விட்டாள் என்று அண்ணன் சொன்ன அண்ணி. இதே மாடியில் வேலை பார்த்தவர். அண்ணன் அழுத அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல், வீட்டில் அண்ணியின் படங்களை ஒன்றுவிடாமல் கழற்றி எறிந்தது இவள்தான்.

பழைய மென்பொருளுக்கு இது ஏன் தெரியவில்லை? அதன் விலக்குப் பட்டியலைத் திறந்தாள். அதில் எதைப் போட்டாலும் மென்பொருள் அந்தப் பக்கமே திரும்பாது. ஒருவர் சேர்க்க வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். அந்த மடிக்கணினியும் அதில் இருந்தது. சேர்த்தவர், கணினிப் பிரிவின் தலைவரான அண்ணன். காரணம், பழுதான மூன்றாம் மாடி பிரிண்டர். ஒப்புதல் தந்தவர்...

அவளுடைய சொந்தப் பெயர்.

ஒப்புதல் தேதி, பதினான்கு மாதம் முன்பு. அன்று அவள் பிரசவ வார்டில் இருந்தாள். "பாஸ்வேர்டை மட்டும் சொல்லு பாப்பா, வேலை தேங்குது" என்று அண்ணன் போனில் கேட்டான். சொன்னாள். கூடப்பிறந்தவனிடம் என்ன ஒளிவு மறைவு?

இப்போது அவனை அழைத்தாள்.

"அண்ணா, லிஸ்ட்ல மூணாவது மாடி பிரிண்டர்னு ஒண்ணு இருக்கே, அது எது?"

"ஓட்டை பிரிண்டருக்கு இவ்ளோ விசாரணையா? நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்." சிரித்தான். "புதுசுலயும் அதைத் தூக்கிப் போட்டுடு."

"என் பேர்ல அப்ரூவல் குடுத்திருக்கியே."

"அப்போ நீயும்தான் கூட்டு." சிரிப்பு நின்றிருந்தது. "அங்கேயே இரு பாப்பா. நான் கீழதான் வண்டிய நிறுத்தறேன்."

எந்தக் கேபிளில் அது இணைந்திருக்கிறது என்பதையும் புதிய மென்பொருள் காட்டியது. நீலக் கேபிள். அதைப் பிடித்துக்கொண்டே, மேசைகளுக்கு அடியில், ஃபைல் அலமாரிக்குப் பின்னால், சுவரோரமாக நடந்தாள். நடைக்கோடியில் முன்பு ஒரு பேட்டரி அறை இருந்தது. ஈரம் ஏறுகிறது என்று சொல்லி, அண்ணி போன அதே மாதம் அண்ணன்தான் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துப் பூசச் செய்தான்.

கேபிள் அந்தப் பூச்சுக்குள் போய் மறைந்தது.

சுவரில் காதை வைத்தாள். குளிர்ந்தது.

டக். டக். டக்.

யாரோ தட்டச்சு செய்கிறார்கள். நிதானமாக.

லிஃப்ட் திறந்தது. செருப்புச் சத்தம். அவனேதான்.

"அதைத் தொடாத பாப்பா."

தொட்டிருந்தாள். மெல்ல இழுத்தாள்.

தட்டும் சத்தம் நின்றது.

பிறகு, உள்ளேயிருந்து கேபிளைப் பதிலுக்கு இழுத்தார்கள். ஒரு சாண். ஒரு முழம். பூச்சு உதிர்ந்தது. நெடுக ஒரு விரிசல் ஓடியது. மூடிக் கிடந்த வாடை முகத்தில் அடித்தது.

அண்ணனின் கைகள் பின்னாலிருந்து அவள் தோள்களைப் பிடித்தன. காப்பாற்றத்தான் என்று ஒரு கணம் நினைத்தாள்.

அவன் அவள் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான். அவளைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினான்.

"நான் இல்ல" என்றான், சுவரைப் பார்த்து. "இவதான் அப்ரூவல் குடுத்தா. பேரைப் பாரு."

விரிசலிலிருந்து நான்கு விரல்கள் வெளியே வந்தன. சுண்ணாம்பு படிந்த விரல்கள். காற்றில் துழாவின. அவள் மணிக்கட்டைத் தொட்டன. ஒவ்வொன்றாக மடிந்து, இறுகின.