கையுறை இல்லாத கை

முதல் நாள் காலையில் ஒரேயொரு கைத்தடம்தான் இருந்தது. தொட்டியின் உட்சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஐந்து விரல்களும் விரிந்தபடி துருப் பழுப்பில் பதிந்திருந்தது.

சவூதியின் ஜுபைலில் அது 2006 ஆகஸ்ட். கடலிலிருந்து வரும் காற்று ஈரத் துணியைப் போல முகத்தில் ஒட்டும் மாதம். பெயிண்டுக்காக மணல் அடித்து வெளுக்க வைத்த இரும்பை அந்த ஈரத்தில் வெறுங்கையால் தொட்டால், வியர்வை பட்ட இடம் சில மணி நேரத்தில் துருவாக எழும்பிவிடும். அதனால்தான் உள்ளே போகும் பதினான்கு பேரும் கையுறை அணிந்தார்கள். அதனால்தான் மாலையில் சுவரின் அடியில் ஒரே வாசலான மேன்ஹோலுக்கு மூடியைப் போட்டு, காற்றை உலர்த்தும் இயந்திரத்தின் குழாயை மட்டும் கூரை வழியாக இறக்கி, விடியும்வரை ஓடவிட்டார்கள்.

குகதாசனின் வேலை வாசலில். உள்ளே போகிறவர்களின் அட்டையை வாங்கிப் பலகையில் மாட்ட வேண்டும். வெளியே வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகை வெறுமையானதும், உள்ளே ஆளில்லை என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் மூடி.

"எவன்யா கிளவுஸக் கழட்டினது?" என்று சூப்பர்வைசர் செய்கு அலாவுதீன் கத்தினார். கீழக்கரைக்காரர்.

மணல் அடிக்கும் அழகுமலை தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான். "எங்கையி இம்புட்டுத்தான் பாய். இது வேற எவனோ." பிறகு குகதாசன் பக்கம் திரும்பினான். "என்ன சிலோன், ஏசி ஓடுதுன்னு ராத்திரி உள்ள போயிப் படுத்துட்டீகளா?"

எல்லாரும் சிரித்தார்கள். குகதாசனும் சிரித்தான். ஆனால் விரல்கள் வாசலை நோக்கி இருந்ததையும், நிற்கிறவனின் கை அந்த உயரத்தில் அப்படி விழாது என்பதையும், தரையில் கிடந்தபடி எட்டினால் மட்டுமே விழும் என்பதையும் அவன் ஒருவன்தான் கவனித்தான்.

அந்த இடத்தில் மறுபடி மணல் அடித்தார்கள். மாலையில் பதினான்கு அட்டைகளும் கை மாறின. மூடி ஏறியது. மற்றவர்கள் பஸ்ஸை நோக்கி நடக்க, படிவத்தைக் கோப்பில் வைக்கக் குனிந்த குகதாசனுக்கு, இயந்திரத்தின் இரைச்சலுக்குக் கீழே வேறொரு சத்தம் கேட்டது. தட்டுவது போல இல்லை. உள்ளங்கை முழுதாக இரும்பில் விழுகிற, மொத்தையான, அவசரமில்லாத சத்தம். வெயில் இறங்க இரும்பு சுருங்குகிறது என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான்.

மறுநாள் ஏழு தடங்கள். எதிர்ச் சுவரிலிருந்து தரையோரமாக, ஒன்றை அடுத்து ஒன்றாக, வாசலை நோக்கி வந்திருந்தன.

செய்கு அலாவுதீன் இம்முறை கத்தவில்லை. குகதாசனைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் எழுதிட்டாரு. யாரும் உள்ள இருக்கும்போதே மூடிட்டீங்களான்னு கேக்குறாரு. கையெழுத்து உன்னோடது. இன்னொரு நாள் இப்படி ஆச்சு, கலாஸ். எக்ஸிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாங்க."

"நான் எண்ணித்தான் பாய் மூடினனான்."

"எண்ணினா சரி. அல்லா இருக்கான்."

ஊர் என்றால் முதலில் கொழும்பு விமான நிலையம். சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. பெயரைக் கேட்பார்கள். பிறகு, தொண்ணூற்றேழில் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள்.

தொண்ணூற்றேழில் அவன் வன்னியில், இயக்கத்தில், ஒரு பங்கர் வாசலில் இருந்தான். பனங்குற்றிகளை அடுக்கி மேலே மண்மூட்டை போட்ட பங்கர். உள்ளே சண்டையில் பிடிபட்ட சிப்பாய்கள் ஒன்பது பேர். பட்டியல் அவன் கையில். அவன் யாரையும் அடித்ததில்லை. சோற்றைக் குறைத்ததில்லை. பின்னாளில் இதைத் தனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒன்பது பேரில் நிசங்க என்றவன் சிலாபத்துக்காரன், கடற்கரைத் தமிழ் தெரிந்தவன், தொடையில் குண்டுக் காயம். "தம்பி, எழும்ப ஏலாது, தண்ணிய இங்க கொண்டாங்க" என்பான். குகதாசன் இறங்கிப் போய்க் கொடுப்பான். காயம் நாறும். ஈர மண்ணும் சீழும் கலந்த நாற்றம்.

கைதிகளை இடம் மாற்றச் சொல்லி உத்தரவு வந்த நாள் காலையில்தான், குகதாசனின் தம்பியைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். பெட்டியைத் திறக்க விடவில்லை. அம்மா பலகையில் முகத்தை வைத்து மணந்து பார்த்தாள். அங்கிருந்து நேரே காவலுக்கு வந்தவன், ஏறி வந்தவர்களை எண்ணினான். எட்டு.

"எல்லாரும் வந்திட்டினமோ?" பொறுப்பாளர் உழவு இயந்திரத்தில் இருந்தபடி கேட்டார். ஷெல் கிட்டக் கிட்ட விழுந்துகொண்டிருந்தது. இறங்கி நிசங்கவைத் தூக்க இரண்டு நிமிடம் போதும்.

"ஓம்" என்றான்.

பங்கரை மூடிவிட்டுப் போக, புல்டோசர் வாசலில் மண்ணைத் தள்ளியது. அது நின்ற பிறகு, மண்ணுக்கு அடியில், குற்றியில் உள்ளங்கை விழும் சத்தம். அவனுக்குக் கேட்டது. அவனுக்கு மட்டும். புதிய இடத்தில், ஒன்பதாவது பெயருக்கு நேரே, காயத்தால் மரணம் என்று எழுதினான். கையெழுத்தும் வைத்தான்.

மூன்றாம் நாள் மாலை. தடங்களை அழித்து, சுவரும் தரையும் மூடியின் உட்பக்கமும் மறுபடி வெளுத்திருந்தன. கடைசி அட்டையை அழகுமலை வாங்கிக்கொண்டான். பலகை வெறுமை.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்றார் செய்கு அலாவுதீன்.

குகதாசன் வெறும் பலகையைப் பார்த்தான்.

"தம்பி?"

"ஒருக்கா உள்ளுக்குப் பாத்திட்டு வாறன் பாய்."

"யல்லா, பாத்துட்டு வா. பஸ் நிக்குது."

கைவிளக்குடன் மேன்ஹோலுக்குள் நுழைந்தான். சுற்றிலும் வெள்ளை இரும்பு. விளக்கொளி பட்ட இடமெல்லாம் பால்போலக் கலங்கியது. மணல் தூசியின் வறண்ட மணம் இருக்க வேண்டும். இல்லை. ஈர மண். அதற்குப் பின்னால் சீழ்.

எதிர்ச் சுவரோரம் வெறுமைதான். ஒளியைத் தரையில் இறக்கினான்.

ஒரு கைத்தடம். ஈரமாக.

அவன் பார்க்கப் பார்க்க அது பழுத்தது. மஞ்சள். செம்மை. பழுப்பு.

அதற்கு முன்னால் இன்னொன்று விழுந்தது. கையில்லை. தடம் மட்டும். மொத்தையான அந்தச் சத்தம். பிறகு எதையோ இழுக்கும் சத்தம். நீளமாக. பாரமாக.

இன்னொன்று.

இன்னொன்று.

அவன் பூட்ஸுக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, நின்றது. மேலே வரவில்லை. காலைப் பிடிக்கவில்லை. காத்திருந்தது. குனிந்து கை கொடுத்தால் போதும் என்று அவனுக்குத் தெரிந்தது. வேறொன்றும் கேட்கவில்லை அது. இரண்டு நிமிடம்.

வலது கையுறையைக் கழற்றினான். குனிந்தான்.

"தம்பி" என்றது. அவன் முகத்துக்கு நேரே. மூச்சுச் சூடாக இருந்தது.

கை பின்னால் போனது. கால் போனது. தோள் மேன்ஹோல் விளிம்பில் உரசிக் கிழிய, வெளியே வந்து விழுந்தான். வெயில். பஸ் ஹாரன். பதினான்கு முகங்கள்.

"என்ன சிலோன், பேயா?" அழகுமலை சிரிக்கத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"யாரும் இருக்காங்களா உள்ள?" என்றார் செய்கு அலாவுதீன்.

விமான நிலையம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவன். தொண்ணூற்றேழில் எங்கே இருந்தாய்?

"இல்லை" என்றான் குகதாசன். "எல்லாரும் வந்திட்டினம்."

மூடி ஏறியது. இருபது போல்ட். அழகுமலை ஒவ்வொன்றாக முறுக்கினான். குகதாசன் கையெழுத்து வைத்தான். சத்தம் இல்லை. பஸ் கிளம்பும்வரை இல்லை. அதுதான் அவனை அரித்தது. உள்ளே இருந்தது, அவன் சொன்னதைக் கேட்டிருந்தது.

காலையில் அழகுமலை போல்ட்டுகளைக் கழற்றினான். இரண்டு பேர் மூடியைப் பிடித்துத் திருப்பினார்கள். செய்கு அலாவுதீன் திரும்பி, வாசலில் நின்ற குகதாசனைத் தாண்டி, ஆட்களை எண்ணினார். பதினான்கு. மறுபடி எண்ணினார்.

மூடியின் உட்பக்கத்தில் வெள்ளை இரும்பு நகத்தளவும் மிச்சமில்லை. கையின்மேல் கை, அதன்மேல் கை, நூற்றுக்கணக்கில், ஒன்றையொன்று மூடிப் பழுப்பேறியிருந்தன. விளிம்பில், ரப்பர் பட்டை ஓடும் இடத்தில், விரல் நுனிகள் மட்டும் வரிசையாக.

நடுவில் ஒன்று இன்னும் துருவாகவில்லை. ஈரமாக இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் உள்ளங்கையிலிருந்து ஒரு துளி நீர் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.