தாழம்பூ அம்மா

"ஹலோ... உங்க வாழைத்தார் அழுவுதுங்க. என் துப்பட்டாவுல!"

ஸ்ரீரங்கம் போகும் பஸ் காவிரிப் பாலத்தின் மேல் மழையோடு மழையாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு கை கம்பியில், ஒரு கை தோளிலிருந்த தாரில் என்று நின்றிருந்த இளைஞன் திடுக்கிட்டுத் திரும்பினான். தாரின் காம்பிலிருந்து சொட்டிய பால், சுபஸ்ரீயின் சந்தனநிறத் துப்பட்டாவில் பொட்டுப் பொட்டாக இறங்கியிருந்தது.

"அச்சச்சோ... சாரிங்க! அக்கா வீட்ல விசேஷம்... தண்ணி போட்டுத் துடைச்சா போயிடும்."

"வாழைக்கறை தண்ணிக்குப் போகுமா? ஏதோ மண்டிக்காரர் மாதிரி தூக்கிட்டு வர்றீங்க, இதுகூடத் தெரியாதா?"

"மண்டிதாங்க வச்சிருக்கோம், காந்தி மார்க்கெட்ல. போகாதுன்னு நல்லாத் தெரியும். நீங்க பார்த்த பார்வையில வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

பக்கத்து சீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சுபஸ்ரீ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்... அவளுக்கும் சிரிப்பு வந்ததை மழை மட்டும் பார்த்தது.

மன்னார்புரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிப்பது அவள் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்களையே பார்ப்பவள். எந்தக் கண்ணும் வீடுவரை கூட வந்ததில்லை. அன்று ஒரு ஜோடி வந்தது.

அவளுக்கு இன்னொரு உலகமும் உண்டு. 'ஈர மை' என்ற இணையக் குழு. புதிதாக எழுதுகிறவர்கள் அங்கே கதைகளைப் போடுவார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒருவரைக் கைபிடித்து நடத்துவார்கள். சுபஸ்ரீயின் புனைபெயர் 'தாழம்பூ'. அவள் கருத்துகளில் இருந்த கண்டிப்பைப் பார்த்து, யாரோ ரிட்டயர்டு தமிழ் டீச்சர் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவளும் மறுக்கவில்லை. எப்போதோ எழுதிய ஒரே கதையை யாரோ கேலி செய்ததிலிருந்து, மறைந்து நிற்பதே அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

அவளுடைய செல்ல மாணவன் 'தொட்டியத்தான்'. ஒரு வருடமாக அவளை 'அம்மா' என்றுதான் அழைக்கிறான். மறுநாள் காலை அவனிடமிருந்து செய்தி.

'அம்மா, பார்க்காததை எழுதாதேன்னு சொல்லுவீங்களே. நேத்து பஸ்ல ஒரு பொண்ணைப் பார்த்தேன். எழுதியிருக்கேன். படிச்சுட்டுத் திட்டுங்க.'

அவள் படித்தாள். மழை... பாலம்... வாழைத்தார்...

'கோபத்தில் அவளுடைய இடது புருவம் மட்டும் மேலே போனது. வலது கண் அதற்குள் மன்னித்துவிட்டிருந்தது.'

எழுந்து ஓடிக் கண்ணாடியில் பார்த்தாள். கோபப்பட்டுப் பார்த்தாள். ஆமாம்... இடது புருவம்!

அந்தப் பெண் தான்தான் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'நன்றாக வந்திருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் எழுதலாம்' என்று பதில் போட்டாள். அவனும் எழுதினான். பஸ்ஸில் தினமும் அவளைத் தேடுவதை, கிடைத்தால் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்ப்பதை... எல்லாவற்றையும். அவள் ஒற்றுப்பிழை திருத்தினாள். திருத்தி முடித்து மறுபடி மறுபடி படித்தாள்.

குழுவை நடத்தும் மகாலட்சுமி, சுபஸ்ரீயின் கல்லூரித் தோழி. அந்த மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹாலில் எல்லாரையும் நேரில் கூட்டினாள். அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் சுபஸ்ரீயும் போனாள். வாசலிலேயே அவன் நின்றிருந்தான்.

"ஏங்க... நீங்களா! நீங்களும் எழுதுவீங்களா?" அவன் முகம் அப்படியே மலர்ந்தது. "என் பேர் இளவரசன். உங்களை எங்கெல்லாம்..."

"சுபா, வந்துட்டியா!" மகாலட்சுமி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "எல்லாரும் கேட்டீங்களே, இவதான் தாழம்பூ!"

இளவரசனின் சிரிப்பு நின்றது.

"அம்மா...வா?"

"சொல்லணும்னுதான் வந்தேன்..."

"கதையைத் திருத்துறீங்கன்னு நெனச்சேங்க. உட்கார்ந்து என் மனசைப் படிச்சிருக்கீங்க. பஸ்ல திட்டினீங்களே... அது எவ்வளவோ மேல்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதன்பின் குழுவில் அவன் பெயரே தென்படவில்லை.

"மன்னிப்புக் கேட்டு எவ்வளவு அனுப்பிட்டேன்... ஒண்ணுக்கும் பதில் இல்லடி." சுபஸ்ரீ போனை நீட்டிக் காட்டினாள்.

மகாலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊரையெல்லாம் தைரியமா எழுதச் சொல்ற. நீ எப்பதான்டி எழுதப் போற?"

சுபஸ்ரீ எழுதினாள். முகத்தை மறைத்துக்கொண்டு, தனக்கான காதலையே இன்னொருத்திக்கானது போலக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தியின் கதை. அந்த நாட்களில் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள், எவ்வளவு வெட்கப்பட்டாள் என்பதையும் மறைக்கவில்லை. புனைபெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். குழுவுக்கு அனுப்பினாள்.

யார் யாரோ பாராட்டினார்கள். ஒருவன் மட்டும் வரவில்லை. சில நாள் கழித்து, மருத்துவமனையில் மதியச் சாப்பாட்டின்போது போன் மினுங்கியது.

'முதல் பத்தி தேவையில்லை. நடுவுல அழ வச்சுட்டீங்க. ஆனா முடிவு இல்லை. அவ மன்னிப்புதான் கேக்குறா, மனசுல இருக்கறதைச் சொல்லவே இல்லையே? சாயங்காலம் மண்டியிலதான் இருப்பேன். - இளவரசன்.'

சாப்பாடு அப்படியே இருந்தது.

சாயங்காலம் காந்தி மார்க்கெட் தூறலில் மினுமினுத்தது. மண்டி வாசலில் ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது. தார்களை இறக்குபவர்களுக்கு நடுவே அவன் நிமிர்ந்தான். கோபமாக இருக்கத்தான் பார்த்தான்... முடியவில்லை.

"நானும் வீம்பு பிடிச்சிருக்கக் கூடாதுங்க. ஒரு வருஷம் கூட இருந்து எழுதக் கத்துக்கொடுத்தது நீங்கதானே." கைகளைத் துண்டில் துடைத்தான். "சரி... முடிவு என்ன எழுதினீங்க?"

"எழுதலை... சொல்லலாம்னு வந்தேன்."

"சொல்லுங்க."

உதடு அசைந்தது.

"லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க!"

"எனக்கு..."

"சத்தமா!"

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு, இளவரசன்!" என்று அவள் கத்தவும், டிரைவர் எஞ்சினை அணைக்கவும் சரியாக இருந்தது.

மண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுபஸ்ரீ இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து அவன் அப்பா பிச்சமுத்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"டேய், மரம் மாதிரி நிக்கிறியே! பதிலைச் சொல்லுடா... பொண்ணு மழையில நனையுது பாரு."

பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு அந்த நேரம் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"எனக்கும்தாங்க..."