கோப்பில் இருந்த கை

காலை 10.05. நான்கு வருடத்தில் முதல் முறையாகக் கண்காணிப்பாளர் ஆவண அறைக்கு நேரில் வந்தார். நோயாளிகளின் கோப்புகளைக் காக்கும் 'தூசி' எழுந்து நின்றார். மருத்துவமனையே அவரை அப்படித்தான் கூப்பிடும். எங்கோ தீப்பிடித்திருக்கும் என்று நினைத்தார்.

கண்காணிப்பாளருக்குப் பின்னால் ஒரு பள்ளி பஸ் டிரைவர். நேற்று மாலை வேலை போன மனிதர். பஸ் கம்பெனிக்கு வந்த மொட்டைக் கடுதாசியின் நகலை நீட்டினார். 'உங்கள் டிரைவருக்கு வலிப்பு. வந்தால் இடது கை இழுத்துக்கொள்கிறது. மறைத்து வைத்தியம் பார்க்கிறார்.'

"என் கோப்பு வெளிய போயிருக்கு" என்றார், அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது போல.

தூசி பதிவேட்டைத் திறந்தார். கோப்பை வாங்கிப் போனதாக ஒரே கையெழுத்து: வார்டு நர்ஸ்.

"பன்னெண்டு மணிக்கு அந்தம்மாவை வேலையை விட்டு அனுப்பிடறேன். வேற ஆள் இருந்தா அதுக்குள்ள சொல்லுங்க" என்று கண்காணிப்பாளர் போய்விட்டார்.

10.40. நர்ஸ் பஞ்சு உருண்டைகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா சிஸ்டர்?"

"இல்ல."

"யாராவது கேட்டாங்களா?"

"பதினோரு வருஷமா என் புருஷனே என்கிட்ட எதுவும் கேட்டதில்ல அண்ணே. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, போட்டுட்டுப் போயிடறேன்."

11.05. தூசிக்குக் கோப்புகளை அடுக்கத்தான் சம்பளம், படிக்க அல்ல. அதனால் டிரைவரிடமே கேட்டார்.

"ஒரு பக்கம் படிக்கலாமா?"

"ஊரே படிச்சாச்சு. நீங்களும் படிங்க."

பயிற்சி டாக்டரின் கிறுக்கல்: 'வலது கை இழுப்பு.' தூசி இரண்டு முறை படித்தார்.

"எந்தக் கைங்க இழுக்கும்?"

"எனக்கெப்படித் தெரியும்? அந்த நேரத்துல நினைவு தப்பிடும், நான் ஊர்லயே இல்லையே."

"யார் பார்த்தது?"

"ரெண்டு தடவையும் வீட்டுல. சம்சாரம் மட்டும்தான் இருந்தா. டாக்டர்கிட்ட சொன்னதும் அவதான்."

11.35. டிரைவரின் மனைவி நடைபாதை பெஞ்சில் இருந்தார். தூசி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அவருக்கு எப்படிம்மா இழுக்கும்?"

அவர் தன் இடது கையைத் தூக்கி முறுக்கிக் காட்டினார். எதிரே இருந்த தூசிக்கு அது வலப்பக்கம். பயிற்சி டாக்டரும் எதிரேதான் உட்கார்ந்திருப்பார்.

"டாக்டர் மாத்தி எழுதிட்டாரும்மா. கோப்பைப் படிச்சவங்களுக்கு வலது கைன்னுதான் தெரியும். கடுதாசியில இடது. அப்போ அது நேர்ல பார்த்தவங்க எழுதினது. பார்த்தது நீங்க ஒருத்தர்தான்."

கை மெல்ல மடிக்கு இறங்கியது.

"நாப்பத்திரண்டு பிள்ளைங்க அந்த பஸ்ல. எங்க பொண்ணு முதல் சீட்டு. பஸ் ஓட்டறதை விட்டுடுங்கன்னு மூணு மாசம் சொல்லிப் பார்த்தேன். மாத்திரை போடறேன்லங்கறாரு." நடைபாதையின் இரு பக்கமும் பார்த்தார். "அவர்கிட்ட சொல்லிடுவீங்களா?"

"ஒரு வீட்டு நோயை நாங்க வெளிய சொல்றதில்லம்மா. ஆனா பன்னெண்டு மணிக்கு ஒரு நர்ஸுக்கு வேலை போயிடும்."

11.55. கண்காணிப்பாளர் அறை. மேஜையில் உத்தரவு, கையில் பேனா. நர்ஸும் டிரைவரும் நின்றிருந்தார்கள்.

"கடுதாசி நான்தாங்க எழுதினேன்" என்றார் உள்ளே வந்த மனைவி.

பேனா மூடப்பட்டது. "ஏழாம் பெட்டுல டிரிப்ஸ் பாட்டில் முடிஞ்சிருக்கும், போகட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நர்ஸ் போனார்.

டிரைவர் தன் மனைவி பக்கம் திரும்பினார்.

"பாப்பா இன்னைக்கு எதுல போனா?"

"பஸ்லதான்."

"புது ஆளு எப்படி ஓட்டறான்?"

"மெதுவாத்தான் ஓட்டறாரு."

"ஸ்கூலுக்கு முன்னாடி ஒரு வளைவு வரும்" என்றார் டிரைவர். "அங்க ஹாரன் அடிக்கச் சொல்லு."